அமிர்தசரஸ் பந்தியில் மூன்று தட்டு

அமிர்தசரஸுக்குப் போகிறவர்கள் பொற்கோயிலைப் பார்க்கப் போவார்கள். நான் ஜஸ்பீர் அன்ரியைப் பார்க்கப் போனேன். பொற்கோயில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் அன்ரி ஒரு கார்டெரி நடத்தினார். தன் வீட்டிலேயே ஐந்தாறு குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார். என் மகள் ஆரணி தவழத் தொடங்கியதிலிருந்து மூன்று வயது வரை அங்கேதான் வளர்ந்தாள். காலையில் நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே பிள்ளையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் கொடுத்துவிட்டு மெற்றோவுக்கு ஓடுவேன். மாலையில் பெட்டி வெறுமையாகத் திரும்பி வரும். அதைத் திறந்து பார்க்கிற நேரம்தான் அன்றைய நாளில் எனக்கு மூச்சு விடுகிற நேரம்.

இந்த வசந்தத்தில் அன்ரியின் தாய் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அன்ரி அவசரமாக ஊருக்குப் போய்விட்டார். ஆரணி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

முற்றாக நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. ஒரு வாய் தயிர், ஒரு துண்டு வாழைப்பழம், நித்திரைக்கு முன் பால். புதிய கார்டெரியிலிருந்து பெட்டி போன மாதிரியே திரும்பி வந்தது. வீட்டில் அவளை உயரக் கதிரையில் இருத்தி, புட்டு, இடியப்பம், பாண், முட்டை என்று ஒவ்வொன்றாக முன்னால் வைப்பேன். அவள் இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டுவாள். கையில் ஏதோ ஒட்டிவிட்டது, அதுதான் பிள்ளைக்கு அருவருப்பு என்று நினைத்து, தூக்கிக்கொண்டு போய்க் கழுவித் துடைத்து மறுபடி இருத்துவேன். மறுபடியும் நீட்டுவாள். மறுபடியும் கழுவுவேன். பிறகு அழுவாள். அந்த வேளைச் சாப்பாடு அத்தோடு முடியும்.

கிளினிக்கில் தாதி, எடைப் படத்தில் ஆரணியின் கோடு மேலே ஏறாமல் படுத்திருப்பதைக் காட்டினாள். "பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த முறை பார்ப்போம்" என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் குகனின் தங்கைக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம் பொருந்தி வந்தது. போகிற வழியில் மூன்று நாள் அமிர்தசரஸில் நிற்போமா என்று கேட்டேன்.

"சனம் கும்பிடப் போற இடத்துக்கு நீ பிள்ளை பாக்கிற மனிசியைத் தேடிப் போறியே?"

"அவ என்ன குடுத்தவ, எப்பிடிக் குடுத்தவ எண்டு நேரிலை பாத்தால்தானே தெரியும்."

"போனிலை கேக்கலாமே அப்பா."

"கேட்டனான். எல்லாம் சாப்பிட்டவள் எண்டு சொல்றா. எல்லாம் எண்டால் என்ன?"

குகன் அமிர்தசரஸுக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கினார். அப்படித்தான் நாங்கள் போனோம்.

குகன் மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்கிறவர். அதனால் அமிர்தசரஸில் இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது ஊரையல்ல, பெட்டி வரும் பட்டியை. "பட்டி நல்ல பட்டி" என்றார். அதில் எங்கள் உடுப்புப் பெட்டி வந்தது. மற்றது வரவில்லை. மற்றதில்தான் ஆரணியின் சாப்பாடு முழுவதும் இருந்தது: வறுத்த அரிசிமா, குரக்கன்மா, பால்மா, அவளுக்குப் பழகின பிஸ்கட், சின்ன மின்சார அடுப்பு, அவள் பால் குடிக்கிற சிவப்புக் கோப்பை. பட்டி நின்ற பிறகும் நான் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முறைப்பாடு எடுத்த இளைஞனுக்குக் குகன், பெட்டி எங்கே தவறியிருக்கும், ஏன் தவறியிருக்கும் என்று தன் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான். தன் பக்கத்துச் சிரமங்களையும் சொன்னான். இருவரும் கை குலுக்கிப் பிரிந்தார்கள்.

"பெட்டி?" என்று கேட்டேன்.

"நல்ல பெடியன். தேடுவான்" என்றார் குகன்.

பற்றரியில் ஓடும் மூன்று சில்லு வண்டி ஒன்றில் ஏறினோம். ஓட்டுநர் என்னிடம் ஹிந்தியில் நீளமாக ஏதோ கேட்டார். என் முகத்தைப் பார்த்து அங்கே எல்லாரும் ஹிந்தியில்தான் தொடங்கினார்கள். மொன்றியலில் பிரெஞ்சில் தொடங்குவார்கள். எங்கே போனாலும் முதல் வசனத்துக்கு நான் தலையைத்தான் ஆட்டுகிறேன்.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் பற்றரி செத்துப்போனது. ஓட்டுநர் இறங்கினார். குகன் இறங்கினார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற பஸ்களைப் பார்த்தேன். அப்போது ஸ்கூட்டரில் வந்த நீலத் தலைப்பாகைக்காரர் ஒருவர், எதுவும் கேட்காமல் எல்லாரையும் ஏறச் சொல்லிக் கை காட்டினார். ஒரு காலைத் தூக்கி எங்கள் வண்டியின் முதுகில் ஊன்றி, தன் ஸ்கூட்டரை ஓட்டியபடியே எங்களைத் தள்ளிக்கொண்டு போனார். பாலத்தின் மறுபக்கம் இறக்கம் வந்ததும் காலை எடுத்துவிட்டு அவர் பாட்டில் திரும்பிப் போனார். மொன்றியலில் பனியில் புதைந்த காரைத் தள்ள வருகிறவர்களும் இப்படித்தான். நன்றி சொல்ல நாங்கள் கண்ணாடியை இறக்குவதற்குள் அடுத்த தெருவில் இருப்பார்கள்.

மத்தியானம் அன்ரியின் வீட்டுக்குப் போனோம். பழைய நகரத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய சந்து அது. மொன்றியலில் கம்பளிக் காலுறையும் தடித்த சுவெட்டருமாகப் பார்த்த மனிதரை மஞ்சள் சல்வாரில் பார்த்தபோது எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. ஆரணி என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். நினைவில்லைப் போலிருக்கிறது, இவ்வளவு தூரம் வந்தது வீண்தானோ என்று நினைத்தேன்.

அன்ரி அவளைத் தூக்கப் போகவில்லை. கார்டெரி வாசலில் தினமும் கேட்கிற அதே குரலில், எங்களுக்குள் பொதுவான பிரெஞ்சில், "எங்கள் சப்பாத்து எங்கே தூங்கப்போகிறது?" என்று கேட்டார்.

ஆரணி அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்தாள். சப்பாத்துகளைக் கழற்றினாள். சுவரோரமாக, ஒன்றையொன்று தொடும்படி வைத்தாள். பிறகு போய் அன்ரியின் மடியில் ஏறிக்கொண்டாள்.

குகன் அவசரமாகச் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்ரி எங்களுக்காக மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார். ராஜ்மா அவரைக் கறி, சோறு, நெய் ஒழுகும் பராட்டா, தயிர், ஊறுகாய். எனக்கும் குகனுக்கும் பூப் போட்ட விருந்தாளித் தட்டு. கதிரையில் தலையணை போட்டு அதன்மேல் ஆரணி. இப்போது பார் என்று நான் குகனுக்குக் கண் காட்டினேன். அன்ரி இன்னொரு பராட்டா எடுக்க அடுப்படிக்குப் போனார். ஆரணி என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் எழும்பி, முற்றத்துக் குழாயில் கழுவிக் கொண்டுவந்து இருத்தினேன். அவள் தட்டைத் தள்ளினாள். திரும்பி வந்த அன்ரி, அவருடைய தம்பி மனைவி, குகன், நான், எல்லாருமாகச் சுற்றி நின்று கெஞ்சினோம். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"அங்கே சாப்பிட்டவள்தானே!" என்றார் அன்ரி. அவர் முகம் சிறுத்துவிட்டது.

"என்ன சாப்பிட்டவள்? நான் தந்துவிட்ட புட்டா?"

அன்ரி கொஞ்சம் தயங்கினார். பிறகு சிரித்துவிட்டார். "பேட்டா, நீ அனுப்பும் பெட்டியை நான் அவளுக்கென்று கொடுத்ததே இல்லை. எல்லாப் பெட்டியையும் திறந்து ஒன்றாகக் கொட்டி எல்லாருக்கும் பகிர்வேன். உன் புட்டு, அந்த வங்காளப் பையனுக்கு உயிர். மிச்சத்தை நான் சாப்பிட்டேன்."

விடியற்காலையில் எழும்பி, தேங்காய்ப்பூ துருவி அவித்த புட்டு. குகன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

"உன் சாப்பாட்டில் நெய் போதாது. அதுதான்" என்றார் அன்ரி முடிவாக. நெய் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பராட்டாவில் நெய் குறைவாக இருக்கவில்லையே என்றும் யோசித்தேன்.

எப்போது மொன்றியலுக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டேன். அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய தாய் படுத்திருந்தார். "ஆரணி பள்ளிக்கூடப் பையைச் சுமக்கும்போது வந்து பார்ப்பேன்" என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பெட்டியும் வரவில்லை, ஆரணிக்குப் பசியும் வரவில்லை. காலையில் ஒரு கடையில் குல்ச்சா ரொட்டி சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு உள்ளே வைத்து, தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்டு எடுத்து, கடைக்காரர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நொறுக்கித் தருகிறார். மேலே வெண்ணெய்க் கட்டி. "இதுக்காகவே இஞ்சை குடிவரலாம்" என்றார் குகன். நான் என் தட்டைத் தொடாமல் ஆரணிக்கு ஊட்டப் பார்த்தேன். அவள் லஸ்ஸியின் மேலே மிதந்த ஆடையைக் கொஞ்சம் நக்கினாள். என் குல்ச்சா ஆறி விறைத்துவிட்டது. குகன் அதையும் சாப்பிட்டார்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான், வெள்ளைக்காரப் படை கூடியிருந்த சனத்தைச் சுட்ட அந்தத் தோட்டம். உள்ளே புல்லும் மரமும் பூச்செடிகளுமாக அமைதியாக இருந்தது. செங்கல் சுவரில் குண்டு துளைத்த இடங்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். குகன் ஒரு கட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எங்கடை வீட்டுச் சுவரிலையும் இருந்தது" என்றார். "சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்ததும் வராததுமா ஐயா சீமெந்து பூசிப்போட்டார்."

"பூசாமல் என்ன செய்யிறது. குடியிருக்க வேணுமெல்லே."

"ஓம். அதுவும் சரிதான்."

ஆரணி அந்தச் சுவரருகே நின்று தன் விரலை எட்டாத ஒரு துளையை நோக்கி நீட்டினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் கனக்கவில்லை. அதுதான் அன்று முழுக்க மனத்தில் நின்றது.

மூன்றாம் நாள் காலை அன்ரி எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அன்று மாலையே யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட வேண்டும்.

வாசலில் சப்பாத்துகளை வாங்கி வைக்கிற இடத்தில், நல்ல கைக்கடிகாரமும் மடிப்புக் குலையாத சட்டையும் போட்ட ஒருவர், எங்கள் தூசிச் சப்பாத்துகளை இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்கினார். அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அல்ல, சேவைக்கு வந்தவர் என்று அன்ரி சொன்னார். "டோர்வலிலை நாங்கள் இப்பிடிப் பக்குவமாப் பெட்டி வாங்கினால் ஒரு பிளேனும் நேரத்துக்கு வெளிக்கிடாது" என்றார் குகன். எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். இங்கே எல்லாரும் தலையை மூட வேண்டும். ஆரஞ்சு நிறத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, "சட்டை இருக்கலாம்தானே?" என்று குகன் ஒருமுறைக்கு இருமுறை அன்ரியிடம் கேட்டார். ஆரணி தன் துணியை யாரும் சொல்லாமலே தலையில் போட்டு, முடிச்சுக்காக அன்ரியிடம் பின்னந்தலையைக் காட்டினாள்.

வாசலில் கால் கழுவ ஆழமில்லாத நீரோடை. அதில் இறங்கிப் படியிறங்கினால் திடீரென்று குளம். குளத்தின் நடுவே பொன். படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆனால் படத்தில் அந்தப் பாட்டு இல்லை. தபேலாவும் ஆர்மோனியமும் குரலும், தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு எல்லாப் பக்கமும் வந்தன. வெள்ளைச் சலவைக் கல்லில், வெயிலுக்கு விரித்த ஈரப் பாயில் நடந்து குளத்தைச் சுற்றினோம். ஒருவரும் ஒருவரையும் தள்ளவில்லை. மீன்கள் படிக்கட்டுவரை வந்து வாயைத் திறந்தன. அவற்றையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன்.

கும்பிட்டு வெளியே வருகிற இடத்தில் சூடான கோதுமை அல்வா கொடுத்தார்கள். ஆரணி இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். நான் வழக்கப்படி பையிலிருந்து ஈரத் துடைப்பானை இழுத்தேன். அதற்குள் அல்வா அவள் கையில் விழுந்துவிட்டது. நக்கி நக்கிச் சாப்பிட்டாள். இனிப்புத்தானே, எந்தப் பிள்ளையும் சாப்பிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது லங்கர். வருகிற எல்லாருக்கும், எந்த நேரமும், ஒரே பந்தியில் சாப்பாடு. வாசலில் ஒருவர் தட்டுகளை நீட்டிக்கொண்டே இருந்தார். ஆரணிக்கும் எங்களுடையதைப் போலவே ஒரு பெரிய தட்டு. சின்னத் தட்டு இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு நீட்டினார். பின்னால் வந்த சனம் எங்களை மண்டபத்துக்குள் கொண்டுபோய்விட்டது. நீளப் பாயில் வரிசையாக இருந்தோம்: அன்ரி, ஆரணி, நான், குகன். அந்தப் பக்கம் கை நிறைய வளையல் போட்ட ஒரு புதுப் பெண். இந்தப் பக்கம் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர். எங்கோ பின்னால் ஆயிரம் தட்டு கழுவுகிற இரைச்சல்.

வாளியோடு வந்தவர் பருப்பை ஊற்றிக்கொண்டே போனார். யாருக்கும் நிற்கவில்லை. ரொட்டிக் கூடையோடு வந்தவர் என் முன்னால் நின்றார். நான் எடுக்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இரண்டு கையாலும், அம்மா" என்றாள் ஆரணி பிரெஞ்சில். பெரியவர்கள் சொல்கிற தோரணை.

திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுவதும் கைகள் நீண்டிருந்தன. வளையல் கைகள், தாடிக்காரரின் நரம்போடிய கைகள், அன்ரியின் கைகள். நடுவில், எங்கள் வீட்டு உயரக் கதிரையிலிருந்து எத்தனையோ மாதமாக என்னை நோக்கி நீண்ட அதே இரண்டு சின்னக் கைகள். ரொட்டி அவற்றில் விழுந்தது.

"அன்ரி, கார்டெரியிலும் இப்படித்தான் கொடுத்தீர்களா?"

"வேறு எப்படிக் கொடுப்பது?" என்றார் அன்ரி, வாயில் பருப்போடு. "நிலத்தில் வரிசையாக இருத்தி, நானும் அதே வரிசையில் இருப்பேன். பசிக்கிற நேரம் தனியாக நின்று ஊட்ட யாரால் முடியும்?"

என் மடியில் துடைப்பான் பாக்கெட் திறந்தபடி கிடந்தது. நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். ரொட்டி சுட்டது. பருப்பில் தொட்டு வாயில் வைத்த பிறகுதான், எனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது. எத்தனையோ நாட்களாக நான் சாப்பிட்டதெல்லாம், ஆரணி விட்ட மிச்சம்தான், பாத்திரம் கழுவுமிடத்தில் நின்றபடி. இங்கே நிற்க இடமில்லை. இருந்து சாப்பிட்டேன். பாயாசம் மாதிரிக் கீர் ஊற்றினார்கள், அதையும் சாப்பிட்டேன். இன்னொரு ரொட்டிக்குக் கை நீட்டியபோது பக்கத்தில் சின்னக் கைகளும் நீண்டிருந்தன. ஆரணியின் தட்டில் பருப்பு வழித்த கோடுகள் மட்டும் இருந்தன. கன்னத்தில், மூக்கில், தலைத் துணியில் பருப்பு. துடைக்க எழும்பிய கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

குகன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது.

வெளியே வந்ததும் அன்ரி வெற்றியோடு சொன்னார்: "பார்த்தாயா, பருப்பில் எவ்வளவு நெய்! நான் சொன்னேனே."

"ஓம் அன்ரி" என்றேன்.

விடுதிக்குத் திரும்பியபோது எங்கள் பெட்டி வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நின்றது. "சொன்னனானெல்லே, நல்ல பெடியன்" என்றார் குகன். அதைத் திறக்காமலே யாழ்ப்பாணம் கொண்டுபோனோம்.

புறப்படும் முன் அன்ரியிடம் விடைபெறப் போனோம். ஆரணி சுவரோரம் வைத்த சப்பாத்துகளைத் தானே எடுத்துப் போட்டாள். அன்ரி குனிந்து அவற்றின் பட்டிகளைச் சரிசெய்தார். ஒருமுறை சரிசெய்ததைக் கழற்றி மறுபடியும் சரிசெய்தார். மொன்றியலில் ஒவ்வொரு மாலையும் அவர் பிள்ளைகளிடம், "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லித்தான் அனுப்புவார். அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. ஆரணி வாசலில் கொஞ்சம் காத்து நின்றாள். பிறகு அவளே, "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுச் சந்தில் இறங்கி நடந்தாள். அன்ரி முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது மொன்றியலில் மரங்கள் சிவந்துவிட்டன. அடுப்படியில் பாய் விரித்திருக்கிறேன். ஒரே அளவில் மூன்று தட்டு. சில நாள் ஆரணி நன்றாகச் சாப்பிடுகிறாள், சில நாள் தட்டில் கோலம் போடுகிறாள். கிளினிக்குக்கு அடுத்த கிழமை போகவேண்டும். அந்தக் கோடு ஏறியிருக்குமோ படுத்திருக்குமோ என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நித்திரை வராது. நெய்யும் வாங்கி வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

நேற்று குகன் ரொட்டி சுட்டார். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு கூடையைத் தூக்கிக்கொண்டு, தலையில் ஒரு துவாயும் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் கைகளை நீட்டினோம். போட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்பிப் போனவர், அங்கிருந்தே கேட்டார்:

"என்னப்பா, பிள்ளை சாப்பிடுறாளோ?"

நான் பார்க்கவில்லை. என் வாய் நிறைய ரொட்டி இருந்தது.